உனக்கு நினைவில்லாத நிமிடங்கள்

என் செந்திலுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ ஒன்று கேட்டாய். நீ வேலைக்குப் போகிற பெங்களூரில் உன்னோடு அறையில் தங்கப்போகிற பையனிடம் உன் வலிப்பைப் பற்றி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டாயாம். அவன் பயப்படாமல் கேள்வி கேட்டிருக்கிறான். வரும்போது எப்படி இருக்கும், முகம் எப்படி ஆகும், தான் என்ன செய்யவேண்டும் என்று.  "நான் அங்க இருந்ததே இல்லயேம்மா. நீதான இருந்த. எழுதிக் குடு" என்றாய். சாம்பாரை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாய்.  உன் வாழ்க்கையில் அங்கங்கே சில நிமிடங்கள் உன்னிடம் இல்லை, என்னிடம் இருக்கின்றன. இத்தனை நாளும் அதை நான் அப்படி யோசித்துப் பார்த்ததில்லை. நீ கிளம்பும் முன் அவற்றை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் மாதாமாதம் குடும்பங்கள் கூடுகிற கூட்டத்தில் இதை வாசிக்கலாமா என்றும் கேட்டாய். வாசி. வங்காளத்தில் நீயே சொல்லிக்கொள், உன் வங்காளம் என்னுடையதைவிட எவ்வளவோ மேல்.

முதல் தடவை வந்தது இந்தக் கல்கத்தாவில், கரியாஹாட் கடைத்தெருவில். நீ நாலாம் வகுப்பு. துர்கா பூஜைக்குச் சட்டை எடுக்க வந்திருந்தோம். நடைபாதைக் கடைகளில் கால் வைக்க இடமில்லை. நான் கடைக்காரரோடு பேரம் பேசிக்கொண்டே, நீலமா சிவப்பா என்று உன்னிடம் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். நீ தொங்குகிற சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாய். வீம்பு பிடிக்கிறாய் என்று நினைத்துத் தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் உன் வலது கை மரக்கட்டை மாதிரி விறைத்திருந்ததைப் பார்த்தேன். இடது கை சட்டைப் பொத்தானைத் தேடித் தேடித் தடவியது. வாய் எதையோ மென்றது. பிறகு அப்படியே சரிந்து விழுந்து, உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது.

நான் கைப்பையைக் கொட்டி வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து உன் கையில் திணித்தேன். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். கடைக்காரர் தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றி உன் மூக்கருகே கொண்டுவந்தார். இந்த ஊரில் அப்படித்தான் செய்வார்கள். திருநெல்வேலிச் சாவியும் கல்கத்தா செருப்புமாக நாங்கள் இரண்டு பேரும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியாகப் போன ஒரு கல்லூரிப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்தாள். எங்கள் இருவர் கையையும் விலக்கிவிட்டு, உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் பையைத் தலைக்கு அண்டை கொடுத்தாள். ஒன்றும் செய்யவேண்டாம், தானாக நிற்கும், காற்று மட்டும் விடுங்கள் என்று வங்காளத்தில் சொன்னாள். தானாகத்தான் நின்றது. கண் திறந்து என்னைப் பார்த்தாய். நான் யார் என்று உனக்குத் தெரிந்தது, ஆனால் கூப்பிடச் சொல் வரவில்லை. டாக்சியில் டாக்குரியா வீட்டுக்கு வந்து சேரும்வரை நீ வாயைத் திறந்து திறந்து மூடினாய். உன் அறைத்தோழனிடம் அந்தப் பெண் செய்ததை அப்படியே சொல். சாவி வேண்டாம், செருப்பு வேண்டாம், வாயில் எதையும் வைக்கவேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் இருக்கட்டும். சீக்கிரம் நிற்காவிட்டால் ஆம்புலன்சைக் கூப்பிடட்டும்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் உனக்கே தெரியும், நடுநடுவே உள்ள ஓட்டைகளைத் தவிர. முதல் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். நான் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். அப்பாவுக்கு மட்டும் அது போதவில்லை. "எங்கன்னு தெரிஞ்சாத்தான எதாவது செய்ய முடியும்" என்றார். அவர் சொன்னது எனக்குப் புரியவே நாளாயிற்று. ஒரு மாத்திரை கேட்கவில்லை என்று இன்னொன்று, அதோடு வேறொன்று. ஒன்று உன்னைத் தூங்கவைத்தது, ஒன்று உன் பசியைத் தின்றது, இன்னொன்று உன்னை யார் மேலும் எரிந்து விழுகிறவனாக்கியது. பெரிய வலிப்பு குறைந்தது. சின்னது குறையவில்லை. வகுப்பில் கனவு காண்கிறான் என்று டீச்சர்கள் எழுதி அனுப்பினார்கள். சாலையில் நடக்கும்போது பாதி வாக்கியத்தில் நின்றுபோவாய். நான் உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கவனிக்காதபடி ஏதோ கடையைப் பார்ப்பது போல நிற்பேன். அந்த நேரத்தில் உன் முகம் கோரமாக இருக்காது, எய்யா. அதைத்தான் நீ கேட்கத் தயங்கினாய் என்று நினைக்கிறேன். ரொம்பத் தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவன் மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

நீ ஜாதவ்பூரில் படிக்கச் சேர்ந்தபோது, ஒரே ஒரு ஸ்டேஷன்தானே, நானே போய்க்கொள்கிறேன் என்றாய். சரி என்று தலையாட்டிவிட்டு, அதே ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறி வந்தேன். நீ இறங்கி நடப்பதைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போவேன். ஒருநாள் ஜாதவ்பூரில் ரயில் நின்றதும் ஜன்னல் கம்பிக்கு வெளியே உன் முகம் தெரிந்தது. "இறங்காதம்மா. அப்படியே போ. உனக்கு ஆபீஸ் லேட்டாகுது" என்றாய். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நீ சிரித்தாய். பெட்டியில் இருந்த காய்கறிக்காரப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நான் வரவில்லை. ஆனால் ரயில் போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலை நின்றுவிடும். பிள்ளையை விட்டுப் பிடிப்பது என்பதை நான் ஒரேயடியாகக் கற்றுக்கொள்ளவில்லை, ஒவ்வொரு ரயிலாகத்தான் கற்றுக்கொண்டேன்.

நீ படிப்பு முடிக்கும் நேரத்தில்தான் உனக்கு வைத்தியம் பார்க்கிற பெரிய டாக்டரம்மா அந்தப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஈ.ஈ.ஜி.யையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒரே நேரத்தில் எடுக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றார். இரண்டையும் தனித்தனியாக எத்தனையோ முறை எடுத்தாயிற்றே, சேர்த்து எடுத்தால் மட்டும் புதிதாக என்ன தெரியும் என்று எனக்குச் சலிப்பு. அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மௌஷுமிதான் விளக்கினாள். அக்கா என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில் நீ அவளைத் தீதி தீதி என்று சுற்றிச் சுற்றி வந்தாயே, அவள்தான். ஈ.ஈ.ஜி.க்குத் தலையில் ஒட்டுகிற கம்பிகளுக்கு மூளையில் ஒரு மின்பொறி எப்போது தெறிக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும், ஆனால் மண்டையோட்டுக்கு வெளியே இருந்து கேட்பதால் எந்த இடத்திலிருந்து என்று சரியாகச் சொல்ல வராது. ஸ்கேனுக்கு இடம் தெரியும். பொறி தெறித்த இடத்துக்குச் சில நொடிகள் கழித்துக் கூடுதலாக ரத்தம் ஓடும், அதை அது படம் பிடிக்கும். ஆனால் எந்த நொடியைப் பார்க்கவேண்டும் என்று யாராவது அதற்குச் சொல்லவேண்டும். "ஒண்ணு நேரம் சொல்லும், இன்னொண்ணு இடம் சொல்லும், காகிமா" என்று என்னைச் சித்தி முறை வைத்து வங்காளத்தில் சொன்னாள். பெரிய வலிப்பு வரவேண்டும் என்றுகூட இல்லையாம். வெளியே ஒன்றுமே தெரியாமல் நீ சும்மா இருக்கிற நேரத்திலும் உள்ளே சின்னச் சின்னப் பொறிகள் தெறிக்குமாம், அது போதுமாம்.

பரிசோதனைக்கு முந்தின நாள் உன்னைக் குறைவாகத் தூங்கச் சொல்லியிருந்தார்கள். காலையில் கண் சிவந்து வந்து உட்கார்ந்தாய். கம்பிகள் தொங்குகிற தொப்பியை மாட்டி, ஒவ்வொரு துளையிலும் முடியை விலக்கிப் பசை வைத்தாள் மௌஷுமி. வெகுநேரம் ஆயிற்று. நீ நவராத்திரிக்கு வேஷம் கட்டின மாதிரி இருக்கிறதா என்று என்னைக் கேட்டாய். உள்ளே போனதும் அந்த எந்திரம் டமடமவென்று அடித்தது. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கரியாஹாட்டிலிருந்து அன்றுவரை நான் கும்பிடாத சாமி இல்லை, காளிகாட்டிலும் திருச்செந்தூரிலும் ஒரே வேண்டுதல்தான், அது வரக்கூடாது என்று. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வரட்டும், இப்போது வரட்டும் என்று வேண்டினேன். பெற்ற பிள்ளையின் மூளையில் தீப்பொறி விழட்டும் என்று வேண்டுகிற நிலை எந்தத் தாய்க்கும் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அன்று ஒன்றுகூட வரவில்லை. இதற்கு முன் எப்போதும் இல்லாத அமைதியோடு உன் மூளை படுத்திருந்தது. தொப்பியைக் கழற்றும்போது நீ மௌஷுமியிடம் மன்னிப்புக் கேட்டாய், ஏதோ பரீட்சையில் தோற்றவன் மாதிரி. அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை போக நான் இழுத்தடித்தேன். நீதான் நாள் கேட்டு வாங்கினாய். அந்த முறை உள்ளேயே நன்றாகத் தூங்கிப்போனாய். அந்த டமடமச் சத்தத்தில் எப்படித் தூங்கினாய் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். தூங்கினதும் பொறிகள் வரத் தொடங்கின. பிறகு மௌஷுமி திரையில் எனக்குக் காட்டினாள். முதலில் வெறும் கறுப்புக் கிறுக்கல், எந்திரத்தின் சத்தமே பதிவு முழுக்க அப்பிக்கிடந்தது. கம்ப்யூட்டர் அதைக் கழித்தது. பிறகு உன் இதயத் துடிப்பு அதில் அலையலையாகத் தெரிந்தது, அதையும் கழித்தது. கடைசியில் மெல்லிய கோடு ஒன்று மிஞ்சியது, அங்கங்கே ஊசிமுனை போல ஏறி இறங்கியது. இத்தனை வருடமும் உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நான் மறைத்து நின்றது இதைத்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிவை டாக்டர்தான் சொல்லவேண்டும் என்று அவள் வேறெதுவும் பேசவில்லை. ஆனால் எனக்கு டீ வாங்கி வந்தாள். 

இடம் தெரிந்துவிட்டது. இடது பக்கம், சிறிய இடம். அந்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர்கள் பழைய எம்.ஆர்.ஐ. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன அதே படத்தில் மூளையின் ஒரு மடிப்பு லேசாக மங்கியிருந்தது. நீ பிறக்கும் முன்பே அப்படி அமைந்துபோனதாம். யார்மேலும் தப்பில்லை, எங்கே பார்க்கவேண்டும் என்று தெரியாவிட்டால் யார் கண்ணிலும் படாது என்றார் டாக்டரம்மா. அறுவை சிகிச்சை செய்து அந்த இடத்தை எடுத்துவிடலாம், அதற்கு முன் மண்டையோட்டுக்குள் மெல்லிய கம்பிகளை வைத்து உறுதி செய்துகொள்ளவேண்டும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பேச்சு இருக்கிறது.

பேச்சு எந்த மூலைவரை பரவியிருக்கிறது என்று பார்க்க மறுபடி ஸ்கேன். படங்களைக் காட்டி மனதுக்குள் பெயர் சொல்லச் சொன்னார்கள். ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் செய்தார்கள். தமிழிலும் செய்யுங்கள் என்று நான் நின்றேன். தமிழ்ச் சொற்களைச் சரிபார்க்க அங்கே ஆள் இல்லை, நானே உட்கார்ந்து சொன்னேன். சீப்பு, குடை, முருங்கைக்காய். உன் மூளையில் மூன்று மொழியும் தனித்தனி அறையில் இல்லை, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு படுத்திருக்கின்றன என்றாள் மௌஷுமி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு தடுமாறலாம், பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் எழுதிக்கொடுக்க முடியாது என்றார்கள்.

நான் வேண்டாம் என்றேன். அப்பா செய்யலாம் என்றார். வீட்டில் பல நாள் நாங்கள் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். சின்ன வலிப்போடு எத்தனையோ பேர் வாழவில்லையா, பேச்சு போனால் என்ன ஆகும் என்பது என் கட்சி. ஒருநாள் மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நீ வந்து கட்டிலில் உட்கார்ந்தாய். "அம்மா, ஒவ்வொரு தடவயும் முழிச்சு வரும்போது எங்கிட்ட ஒரு வார்த்தையும் இருக்காது. அப்புறம் ஒண்ணொண்ணா வரும். ஒருநாள் வராமலே போயிட்டா? இப்பவே போய்ட்டுதான் இருக்கு. நான் ஒரே ஒரு தடவை ஆபரேஷனுக்குப் போய்ப் பாக்குறேனே" என்றாய். நான் மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். கடைசியில் சரி என்றேன். உன் உடம்பைப் பற்றி நீ எடுத்த முதல் முடிவு அது. நல்லவேளை, என்னைக் கேட்டுவிட்டு என் பேச்சைக் கேட்காமல் இருந்தாய். இனிமேலும் அப்படியே செய். எங்களிடம் கேள், பிறகு நீ முடிவெடு.

அறுவை சிகிச்சை முடிந்து இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த புதிதில் சின்னதாக ஒன்று வந்தது, அதன்பின் இல்லை. குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா வாயால் சொல்லவில்லை, நானும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. மாத்திரையை விட்டுவிடாதே. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்க்காதே. குளியலறைக் கதவை உள்ளே தாழிடாதே. புது ஊரில் வெட்கப்பட்டுக்கொண்டு தாழிடுவாய் என்று எனக்குத் தெரியும். ஆபீஸில் ஒருவரிடமாவது சொல்லி வை. சொன்ன பிறகு யாராவது விலகிப்போனால் போகட்டும், அவர்களை நம்பி நீ நடுத்தெருவில் விழ முடியாது. என்றாவது ஒரு பெண்ணை உனக்குப் பிடித்துப்போனால், கல்யாணப் பேச்சு எடுக்கும் முன்பே அவளிடம் சொல். மறைத்துச் செய்யலாம் என்று எந்தச் சொந்தக்காரர் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், கேட்காதே.

இன்னும் ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. உன்னிடம் இல்லாத நாட்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அது. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தாய். எங்களை அடையாளம் தெரிந்தது, சொன்னது புரிந்தது, பேச்சு மட்டும் இல்லை. வீக்கம் வடிந்தால் வரும் என்றார்கள். பிறகு ஒருநாள் காலை நர்சைப் பார்த்து "ஜோல்" என்றாய். தண்ணீர் கேட்டாய். வார்டே கொண்டாடியது. அடுத்தடுத்து வங்காளச் சொற்கள் வந்தன. அப்பா தமிழில் கேட்டால் நீ வங்காளத்தில் பதில் சொன்னாய். நான் சீப்பைக் காட்டினால் உதட்டைக் குவித்து முயற்சி செய்து, முடியாமல் வங்காளத்தில் "சிருனி" என்பாய். பிள்ளைக்குப் பேச்சு வந்ததே என்று சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் நான் மாடிப்படிக்குப் போய் அழுதேன். இந்த ஊர் மொழிமேல் எனக்குக் கோபம் இல்லை, அதுதான் உன்னைப் பிடித்துவைத்திருந்தது. ஆனால் உன்னைத் தூக்கி வளர்த்ததும் கொஞ்சினதும் திட்டினதும் நான் ஒரு மொழியில்தானே.

அந்த வாரம் ஊரிலிருந்து சித்தி போன் செய்தாள். மதிய நேரம். நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய், அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எக்கா, புள்ள பேசுதானா?" என்று கேட்டாள். அவளுக்கே ரத்தக்கொதிப்பு, அவளையும் அழவைக்க எனக்கு மனசில்லை. "பேசுதான்டி, நல்லாப் பேசுதான். தமிழெல்லாம் முன்ன மாதிரியே பேசுதான்" என்றேன்.

"பொய்."

கட்டிலிலிருந்து வந்தது. குரல் கரகரத்திருந்தது. அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணைத் திறந்து, கட்டுப்போட்ட தலையோடு, நான் பண்ணின காரியத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட முகத்தோடு என்னைப் பார்த்தாய். என் காதில்தான் தப்பு என்று நினைத்தேன். "அம்மா பொய்" என்றாய் மறுபடியும்.

போனில் சித்தி, "யாருக்கா அது பேசுதது?" என்றாள்.

"அவந்தான்டி" என்றேன். "நான் பொய் சொல்லுதேன்னு சொல்லுதான்."

போய் வா, எய்யா.

அம்மா